இரவில் பல் கடிப்பவருக்கு எந்தக் காப்பு ஏற்றது?

பல் மருத்துவர் என் கையில் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்து, கீழ்க் கோரைப் பல்லின் நுனியைப் பார்க்கச் சொன்னார். கூராக இருக்கவேண்டிய அந்த நுனி, அரத்தால் ராவியதுபோல் தட்டையாக இருந்தது. தட்டையின் நடுவே மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. மேலே இருக்கும் எனாமல் முழுவதும் தேய்ந்து, உள்ளிருக்கும் டென்டின் வெளிப்பட்டுவிட்டதற்கு அந்தப் புள்ளியே அடையாளம் என்றார். பிறகு தாடையை மெல்ல ஒரு பக்கமாக நகர்த்தச் சொன்னார். மேல் கோரைப் பல்லின் தேய்ந்த பரப்பும் கீழ்க் கோரைப் பல்லின் தேய்ந்த பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தி நின்றன. விழித்திருக்கும் நேரத்தில் என் தாடையை நான் அந்த இடத்துக்குக் கொண்டுபோனதே இல்லை. தூக்கத்தில் நான் பல்லைக் கடிக்கிறேன் என்று வீட்டில் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்ததை அன்றைக்குத்தான் நம்பினேன்.

பல் கடிப்பவருக்குத் தம் சத்தம் கேட்பதில்லை. அருகில் படுத்திருப்பவர்தான் அந்த நறநறப்பில் விழித்துக்கொள்கிறார். தனியாகப் படுப்பவருக்கு அந்தச் சாட்சியும் கிடையாது. காலையில் தாடை இறுகிக் கிடப்பது, நெற்றிப்பொட்டில் மந்தமான வலி, சொத்தை இல்லாமலே வரும் பற்கூச்சம், நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம், அடைத்த பல்லின் அடைப்பு அடிக்கடி உதிர்வது ஆகியவற்றிலிருந்தே பலர் இதை ஊகிக்கிறார்கள். பெரியவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்தப் பழக்கம் உண்டு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மருத்துவர்கள் இதைப் புருக்சிசம் என்கிறார்கள். உறக்கத்தின் நடுவே மூளை சில நொடிகள் மட்டும் விழிப்பின் பக்கம் எழும்பி மீண்டும் அமிழ்கிறது. அப்போது இதயத் துடிப்பு கூடுகிறது, அதைத் தொடர்ந்து மெல்லும் தசைகள் தாளக்கட்டோடு சுருங்கி விரிகின்றன. பற்கள் சரியாகப் பொருந்தாததால்தான் கடிக்கிறோம் என்று முன்பு நம்பப்பட்டது. இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அந்த விளக்கத்தைக் கைவிட்டுவிட்டார்கள்.

இதற்காக இரவில் பல்வரிசைமேல் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கவசமே காப்பு. எந்தக் காப்பை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்பு, காப்பு என்னதான் செய்யும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. மூளையில் தொடங்கும் ஒரு வேலையை வாயில் வைத்த பிளாஸ்டிக் நிறுத்திவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2007இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், தூக்கத்தில் பல் கடிப்பதைக் காப்பு குணப்படுத்துகிறது என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை, பல் தேய்மானத்தைப் பொறுத்தவரை ஓரளவு பயன் இருக்கலாம் என்றே முடித்தது. குதிரைக்கு லாடம் அடிப்பது அதன் ஓட்டத்தை நிறுத்துவதற்காக அன்று. குளம்பு தேயவேண்டிய இடத்தில் இரும்பு தேயட்டும் என்பதற்காகத்தான். பற்காப்பும் அப்படிப்பட்ட லாடமே. எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுவதால், தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. மிகத் தடிமனான இடத்தில்கூட அதன் கனம் சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். மெல்லும்போதும் விழுங்கும்போதும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ளும் மொத்த நேரம் ஒரு நாளுக்கு 20 நிமிடத்துக்குள் அடங்கிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அளவு உழைப்புக்கென்று அமைந்த பரப்பை இரவெல்லாம் உரசவிட்டால் என்ன ஆகும் என்பதை என் கோரைப் பல்லே காட்டியது.

எளிதில் கிடைப்பது, மருந்துக் கடைகளில் விற்கும் வெந்நீர்க் காப்பு. வெந்நீரில் போட்டு இளகியதும் வாயில் வைத்துக் கடித்தால் பல்லின் வடிவத்தை அது வாங்கிக்கொள்ளும். நானும் இதில்தான் தொடங்கினேன். நீர் சற்றே ஆறிவிட்டதால் முதல் தடவை சரியாகப் பதியவில்லை. இரண்டாம் தடவை அழுத்திக் கடித்ததில் கடைவாய்ப் பக்கம் பிதுங்கி ஒதுங்கி, அந்த இடத்தில் மட்டும் தாள்போல் மெலிந்துவிட்டது. ஓரங்கள் கன்னத்தில் உறுத்தின. கத்தரிக்கோலால் வெட்டினால் அந்த வெட்டு முனை வேறு இடத்தில் உறுத்தியது. வாயில் வைத்துப் படுத்த இரவுகளில் பாதி நாள் காலையில் அது தலையணையில் கிடந்தது. நான்காம் மாதம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, இடப்பக்கக் கடைவாய்ப் பல் உட்காரும் இடத்தில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. வீண்செலவு என்று இதை ஒரேயடியாக ஒதுக்கிவிட மாட்டேன். காப்பு வைத்துக்கொண்டு தூங்க முடிகிறதா என்று பார்க்கவும், மருத்துவரைச் சந்திக்கும்வரை சில வாரங்களைக் கடத்தவும் இது உதவும். அதற்குமேல் இதை நம்பியிருப்பது நல்லதில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒப்பீட்டின் அச்சே இதில்தான் இருக்கிறது. எந்தக் காப்புக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, நம் பல்லைக் கவ்விப் பிடிக்கும் உள்முகம். மற்றொன்று, எதிர்த் தாடையின் பற்கள் வந்து மோதும் வெளிமுகம். அளவெடுத்துச் செய்த காப்பு என்றதும், உள்முகம் கச்சிதமாகப் பொருந்துவதையே நாம் நினைத்துக்கொள்கிறோம். அது முக்கியந்தான், பொருந்தாத காப்பு கழன்று விழும், ஈறைக் குத்தும். ஆனால் இரவெல்லாம் விசையை வாங்குவது வெளிமுகம். எதிர்ப் பற்கள் அத்தனையும் ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில் அதன்மேல் இறங்கினால் பாரம் பகிர்ந்துகொள்ளப்படும். ஓரிரு பற்கள் மட்டும் முதலில் முட்டினால் முழுப் பாரமும் அவற்றின்மேலேயே விழும். வெந்நீர்க் காப்பில் உள்முகம் ஏதோ ஓரளவு பொருந்தும். வெளிமுகத்தை யாரும் பார்ப்பதே இல்லை.

வீட்டுக்கே மாவுபோன்ற அச்சுப் பொருளை அனுப்பி, நாமே அச்செடுத்துத் திருப்பி அனுப்பினால் காப்பைச் செய்து தரும் சேவைகளையும் இந்த அளவுகோலால்தான் எடைபோட வேண்டும். கவனமாக அச்செடுத்தால் உள்முகம் நன்றாகவே அமையும். ஆனால் காப்பை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்லி, எங்கே முட்டுகிறது என்று பார்த்துச் செதுக்க அங்கே எவரும் இல்லை. சொத்தைப் பல், ஆடும் பல், ஈறு நோய் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்ப்பவரும் இல்லை. சில ஆண்டுகள் மருத்துவரிடம் செய்த காப்பை அணிந்து பழகி, எதிர்பார்க்கவேண்டியது என்ன என்று தெரிந்தவர் மாற்றுக் காப்புக்காக இதை நாடினால் ஒப்புக்கொள்ளலாம். முதல் காப்பாக இதைத் தேர்ந்தெடுக்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

பல் மருத்துவரிடம் போனால், பெரும்பாலும் மென்மையான காப்பா கடினமான காப்பா என்ற கேள்வி எழும். மென்மையானது ரப்பரைப்போல் வளையும் பிளாஸ்டிக் தகடு. பல்லின் பிளாஸ்டர் வார்ப்பின்மேல் தகட்டைச் சூடாக்கிக் காற்றை உறிஞ்சி இழுத்து ஒட்டச்செய்கிறார்கள். செய்வது எளிது, விலையும் குறைவு, முதல் இரவிலேயே வாய்க்குப் பழகிவிடும். தாடை வலியோடு வருபவருக்குச் சில வார ஆறுதலாக இதைத் தருவது வழக்கம். இதன் குறை இரண்டு. தகடு ரப்பர்போல் இழுபடுவதால், வெளிமுகத்தைச் செதுக்கிச் சமன்செய்வது கடினம். மற்றது, மெத்தென்ற பொருள் வாயில் இருந்தால் சிலர் அதை மெல்லத் தொடங்கிவிடுகிறார்கள். 1987இல் பல் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ஒகேசன் 10 பேரிடம் இரண்டு வகைகளையும் அணிவித்து இரவில் தாடைத் தசையின் செயல்பாட்டை அளந்தார். கடினக் காப்பு 8 பேருக்கு அதைக் குறைத்தது. மென்காப்போ 5 பேருக்கு அதை அதிகரித்தது. பத்துப் பேரைக் கொண்ட ஆய்வு சிறியதுதான், எல்லோருக்கும் அப்படியே நடக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயினும் என் வெந்நீர்க் காப்பில் விழுந்த ஓட்டையை நினைத்தால், நான் அந்த ஐவரின் பக்கம் என்றே தோன்றுகிறது.

கடினக் காப்பு அக்ரிலிக்கில் செய்யப்படுவது. இதன் மூல வடிவங்களில் பெயர்பெற்றது மிச்சிகன் ஸ்பிளின்ட். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சிகர்ட் ராம்ஃபியோர்டும் மேஜர் ஆஷும் அதை வகுத்தார்கள். மேல் வரிசைப் பற்கள் அனைத்தையும் மூடும் இதன் வெளிமுகம் வழவழப்பாக, கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். நேராகக் கடித்தால் கீழ்ப் பற்கள் எல்லாம் ஒன்றாகத் தொடும். தாடை பக்கவாட்டில் நகர்ந்தால் கோரைப் பல்லுக்கென்று விடப்பட்ட சிறு மேடு மற்றப் பற்களை விலக்கிவிடும். கடைவாய்ப் பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கும்.

என் காப்பைப் பொருத்திய நாளில், காப்பு வாயில் போய் உட்காரப் பத்து நொடிகூட ஆகவில்லை. மீதி முக்கால் மணிநேரமும் வெளிமுகத்துக்கே போனது. மருத்துவர் கார்பன் தாள்போல் மை தடவிய மெல்லிய நீலத் தாளை இரு வரிசைகளுக்கும் நடுவே வைத்து, ‘தட்டுங்கள், தட்டுங்கள்’ என்பார். காப்பை வெளியே எடுத்தால் அதில் நீலப் பொட்டுகள் இருக்கும். வலப்பக்கம் இரண்டு பொட்டுகள் அடர்த்தியாக, இடப்பக்கம் ஒன்றுமே இல்லை. அடர்ந்த பொட்டை மட்டும் சுழல்கருவியால் இம்மியளவு தேய்ப்பார், மீண்டும் தாள், மீண்டும் தட்டல். பிறகு சிவப்புத் தாளை வைத்துத் தாடையை இடமும் வலமும் இழுக்கச் சொன்னார். கடைசியில் காப்பின் இருபக்கமும் கோலப் புள்ளிகள்போல் ஒரே அளவில் நீலப் பொட்டுகள் வரிசையாக நின்றன. கோரைப் பல்லின் இடத்தில் மட்டும் சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. நான் கொடுத்த பணம் அந்த முக்கால் மணிநேரத்துக்குத்தான் என்று அப்போது புரிந்தது. ஆகவே ஒரு மருத்துவமனையில் கடினக் காப்பைக் கையில் கொடுத்து, கடித்துப்பார்க்கச் சொல்லாமலே அனுப்பிவிட்டார்கள் என்றால், பெயரளவில் அளவெடுத்துச் செய்ததாக இருந்தாலும் வேலை பாதியில் நிற்கிறது என்றே கொள்ள வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை வரச்சொல்லிச் சரிபார்ப்பதும் இந்த வேலையில் அடங்கும்.

பல்லின் அச்சை மாவால் எடுக்கிறார்களா கேமராவால் ஸ்கேன் செய்கிறார்களா, காப்பை அக்ரிலிக் கட்டியிலிருந்து கடைகிறார்களா முப்பரிமாண அச்சில் வார்க்கிறார்களா என்பதெல்லாம் வாங்குபவர் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாத விஷயங்கள். ஸ்கேன் கோப்பு இருந்தால், காப்பு தொலைந்துபோனால் மறுபடி அச்செடுக்காமல் செய்துகொள்ளலாம் என்பது ஒரு வசதி.

கடினக் காப்பின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் வாரம் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கும். போடும்போது பற்களைச் சற்று இறுக்கும். காலையில் கழற்றியதும், பற்கள் வேறு யாருடைய வாயிலோ இருப்பதுபோல் சில நிமிடங்கள் சரியாகச் சேராது; அந்த உணர்வு விரைவில் மறைந்துவிட வேண்டும், பகல் முழுக்க நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இறுக்கம் தாங்காதவர்களுக்கு உள்முகம் மென்மையாகவும் வெளிமுகம் கடினமாகவும் உள்ள இரட்டை அடுக்குக் காப்பு உண்டு. வெளிமுகத்தைச் செதுக்க முடிவதால் முக்கியமான தகுதி இதற்கும் இருக்கிறது. நாளடைவில் அடுக்குகள் பிரிவதும், உள்ளடுக்கு நிறம் மாறுவதும் இதன் பலவீனம். பல்லைக் கிட்டித்து இறுக்குபவர், அதாவது சத்தமே இல்லாமல் அழுத்திக் கடிப்பவர், இரட்டை அடுக்கில் திருப்தியாக இருக்கலாம். உரசித் தேய்ப்பவருக்குக் கடினக் காப்பே என் பரிந்துரை. தாம் எந்த வகை என்பது தெரியாவிட்டால் பற்களைப் பார்த்தே மருத்துவர் ஓரளவு சொல்லிவிடுவார்: தட்டையாகத் தேய்ந்திருந்தால் உரசல், தேய்மானம் குறைவாக இருந்து தாடைத் தசை மட்டும் புடைத்து வலித்தால் இறுக்கல். இரண்டும் கலந்தவர்களும் பலர்.

முன்பற்களை மட்டும் மூடும் மிகச் சிறிய காப்பு ஒன்றும் உண்டு. கடைவாய்ப் பற்கள் தொடவே முடியாதபடி செய்வதால் தசையால் முழு விசையோடு கடிக்க முடியாது. தலைவலியோடு வந்த சிலர் இதைப் புகழ்ந்து பேசுவதற்கு அதுவே காரணம். ஆனால் எதிர்ப்பல் படாத பல் மெல்ல மெல்ல மேலெழும் இயல்புடையது. மாதக்கணக்கில் இரவுதோறும் கடைவாய்ப் பற்கள் தொடாமலே இருந்தால் அவை எழும்பி, பாரம் தாங்கும் முன்பற்கள் உள்ளே அழுந்தி, ஒருநாள் வாயை மூடினால் மேல் முன்பற்களுக்கும் கீழ் முன்பற்களுக்கும் நடுவே இடைவெளி தெரியும் நிலை வரக்கூடும். அப்படி மாறிய கடியைத் திருத்துவது நீண்ட வைத்தியம். சிறியதாக இருப்பதால் உறக்கத்தில் கழன்று தொண்டைக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. அடிக்கடி பரிசோதிக்கும் மருத்துவர் ஒருவரின் கண்காணிப்பில், குறுகிய காலத்துக்கு என்றால் மட்டுமே இதை யோசிக்கலாம். வசதியாக இருக்கிறது என்பதற்காக இதைத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாகவே இருக்கிறது.

எந்தக் காப்பையும் செய்யச் சொல்வதற்கு முன் கேட்டுக்கொள்ளவேண்டிய ஒரு கேள்வி உண்டு: குறட்டை விடுகிறோமா? சத்தமான குறட்டை, நடுவே மூச்சு நின்று திணறி எழுதல், பகலில் அடக்க முடியாத தூக்கக் கலக்கம் ஆகியவை இருந்தால், தூக்கத்தில் மூச்சுத்தடை இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். பல் கடிப்பதும் மூச்சுத்தடையும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது உண்டு. மேல்தாடைக் காப்பு வாய்க்குள் நாக்கின் இடத்தைக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறது. 2004இல் மூச்சுத்தடை உள்ள சிலரிடம் நடந்த ஒரு சிறு ஆய்வில், மேல்தாடைக் காப்பு அணிந்த இரவுகளில் அவர்களில் சிலருக்கு மூச்சுத்தடை மோசமானது. இத்தகையவருக்குக் கீழ்த்தாடையை முன்னால் தள்ளிப் பிடிக்கும் வேறு வகைக் கருவி பொருத்தமாக இருக்கலாம். மூச்சுப்பாதையையும் அது திறக்கும், பற்களையும் பிரித்து வைக்கும். எந்தக் கருவி என்பதைத் தூக்க மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்து முடிவுசெய்ய வேண்டும்.

மேல்தாடையா கீழ்த்தாடையா என்பது பெரும்பாலும் மருத்துவரின் பழக்கத்தையும் நம் வாயையும் பொறுத்தது. குமட்டல் எளிதில் வருபவர்களுக்குக் கீழ்த்தாடைக் காப்பு இதமாக இருக்கும். வரிசையில் பல் இல்லாத இடங்கள் இருந்தால் அதுவே முடிவைத் தீர்மானிக்கும். உள்வைப்புப் பற்கள், அதாவது இம்ப்ளான்ட் பொருத்திக்கொண்டவர்கள், கடினக் காப்பை இன்னும் தீவிரமாகப் பரிசீலிக்க வேண்டும். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெத்தைபோல் ஒரு நார்த்திசு இருக்கிறது. அதிக அழுத்தம் வந்தால் உணர்ந்து எச்சரிப்பது அதுதான். எலும்போடு நேராக ஒட்டிக்கொள்ளும் இம்ப்ளான்டுக்கு அந்த மெத்தையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. செராமிக் உறைகள் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால் எதை முதலில் செய்வது என்ற வரிசை மிக முக்கியம்: அடைக்கவேண்டிய சொத்தை, போடவேண்டிய உறை, பிடுங்கவேண்டிய ஞானப்பல் எல்லாவற்றையும் முடித்த பிறகே காப்புக்கு அச்செடுக்க வேண்டும். புதிய உறை ஒன்று வந்தாலே பழைய காப்பு உட்காராமல் போய்விடும். பல் சீரமைப்புக் கம்பி போட்டிருப்பவர்களும், பால்பற்கள் விழுந்து முளைக்கும் வயதுக் குழந்தைகளும் இந்தக் காப்புகளுக்கு உரியவர்கள் அல்லர். குழந்தைகளில் பலர் வளரும்போது இந்தப் பழக்கத்தைத் தாமே விட்டுவிடுகிறார்கள்.

காப்பைத் தவிர்த்துவிட்டு வேறு வழியில் போகலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் போடோக்ஸ் ஊசியை மனதில் வைத்தே கேட்கிறார்கள். தாடைத் தசையில் போட்டால் அது தசையைத் தளர்த்துகிறது. கடிக்கும் விசை குறைகிறது, கடிக்கும் பழக்கம் நின்றுவிடுவதில்லை. மூன்று நான்கு மாதங்களில் விளைவு தேய்ந்து மறுபடியும் போட வேண்டியிருக்கும். தசைவலி தாங்க முடியாத அளவுக்குப் போனவர்களுக்கு இது ஒரு வழி. தேய்மானம் மட்டுமே பிரச்சினை என்றால் இது தேவையில்லை என்பது என் கருத்து. கடியைச் சரிசெய்கிறேன் என்று நல்ல பற்களைத் தேய்த்துச் சமன்படுத்தும் யோசனையை எவர் சொன்னாலும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் சம்மதிக்கக் கூடாது; தேய்த்த பல் திரும்பி வராது. மாலைக்குமேல் காபியைக் குறைப்பது, மதுவையும் புகையையும் விடுவது, மனச்சோர்வுக்கான சில மாத்திரைகள் பல் கடிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் அவை பற்றி எழுதித் தந்த மருத்துவரிடம் பேசுவது (தாமாக நிறுத்திவிடாமல்) ஆகியவை காப்போடு சேர்த்துச் செய்யவேண்டியவை.

விலையைப் பொறுத்தவரை, கடினக் காப்பின் தொகையைக் கேட்டதும் எனக்கும் மனம் பின்வாங்கியது. பிறகு கணக்குப் போட்டேன். மாதக்கணக்கில் ஓட்டையாகும் காப்பை ஆண்டுக்கு மூன்று முறை மாற்றுவதும், சில ஆண்டுகள் தாங்கும் ஒன்றைச் செய்துகொள்வதும் ஏறத்தாழ ஒரே இடத்தில் வந்து நின்றன. நடுவில் ஒரு கடைவாய்ப் பல் விரிசல் விட்டு வேர் சிகிச்சையும் உறையும் தேவைப்பட்டால் தராசு முழுவதுமாகச் சாய்ந்துவிடும். காப்பு நீடிக்க, கழற்றியதும் குளிர்ந்த நீரில் கழுவி, மென்மையான பிரஷ்ஷால் பற்பசை இல்லாமல் தேய்க்க வேண்டும். பற்பசையில் உள்ள நுண்துகள் அக்ரிலிக்கில் கீறல் விழச்செய்யும். வெந்நீர் படக் கூடாது, வெயிலில் காரின் உள்ளே விட்டுவைக்கக் கூடாது. இரண்டுமே வடிவத்தைக் கெடுக்கும். நாய் வளர்ப்பவர்கள் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். எச்சில் வாசனைக்காக நாய்கள் காப்பைத் தேடிப்பிடித்துக் கடித்துவிடும் என்பதைப் பல் மருத்துவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

என் காப்புக்கு இப்போது நான்கு வயது. கண்ணாடிபோல் இருந்தது சற்று மங்கியிருக்கிறது. சன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், வலக் கோரைப் பல் உரசும் இடத்தில் பிறைபோல் ஒரு பள்ளம் தெரிகிறது. விரலை ஓட்டினால் நகம் தடுக்குகிறது. கோரைப் பல்லின் நுனியில் அந்த மஞ்சள் புள்ளி முன்பு இருந்த அளவிலேயே இருக்கிறது என்று சென்ற பரிசோதனையில் மருத்துவர் அளந்து சொன்னார். பள்ளத்தை அக்ரிலிக்கால் நிரப்பி மீண்டும் செதுக்க முடியுமா, புதிதாகச் செய்யவேண்டுமா என்று அடுத்த முறை கேட்க வேண்டும்.